மலையகத்தின் இரு காற்றுகள்: தென்மேற்குப் பருவக்காற்றும் வங்கக் கடல் புயலும்

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துவந்து இலங்கையின் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி, மேலெழுந்து குளிர்ந்து, வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகளில் அடைமழையாகக் கொட்டுகிறது. ஈரத்தை இழந்து மறுபக்கம் இறங்கும்போது அதே காற்று 1000 மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வீதம் சூடேறுகிறது. அதனால்தான் மேற்குப் பக்க அட்டனில் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) கூரைத் தகரங்களின் மேல் மண்மூட்டைகளை ஏற்றிவைக்கும் அதே நாட்களில், மலையின் கிழக்கே பதுளைப் பக்கம் தேயிலைக் கொழுந்து வாடி நிற்கிறது. கிழக்குக் கரையில் இதைக் கச்சான் காற்று என்பார்கள்.

புயல் வேறு வகை. சுமார் 26.5 பாகைக்கு மேல் வெப்பமடைந்த கடலிலிருந்து எழும் நீராவி ஒடுங்கி வெப்பத்தை வெளிவிட, தாழமுக்கம் வலுப்பெற்று, பூமியின் சுழற்சியால் காற்று சுழலத் தொடங்குகிறது. நமக்கு ஆபத்தான காலம் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர்.

இரண்டில் புயலையே நான் அதிகம் அஞ்சுகிறேன். மலைகள் அதன் காற்றைத் தளர்த்தினாலும் மழையைப் பெருக்குகின்றன. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் உயிர்களைப் பறித்தது பெரும்பாலும் மண்சரிவுதான். ஆகவே காற்று அடங்கிவிட்டதென்று லயத்திற்குத் திரும்பிவிடக் கூடாது. நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்றுநீர் ஆகியவற்றைக் கண்டால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வரும்வரை காத்திராமல் உடனே வெளியேற வேண்டும்.