கப்பல்ல செஃப்ஸ் டேபிள்: எதுக்கு காசு குடுக்கலாம், எதுக்கு வேணாம்

ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம்லாம் இப்போ க்ரூஸ், அதாவது சொகுசுக் கப்பல் டூர், போறவங்க நிறைய பேர் ஆயிட்டாங்க. சிங்கப்பூருக்கு நாலு மணி நேர ஃப்ளைட்ட புடிச்சு அங்கேர்ந்து கப்பல் ஏறிடறாங்க, 2022 ஜூன்ல நம்ம ஹார்பர்லேர்ந்தே கார்டீலியா கப்பல் கிளம்ப ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சு தான். டிக்கெட் போட்டதும் எல்லாரும் கேக்கற ஒரு கேள்வி இருக்கு: "செஃப்ஸ் டேபிள்னு ஒண்ணு போட்டிருக்கான், ஆளுக்கு நூறு டாலருக்கு மேல கேக்கறான், போலாமா?" நூறு டாலர்னா சுமாரா ஒம்பதாயிரம் ரூபா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கு சேத்தா ஒரு குடும்பத்தோட மாச மளிகையே வந்துடும். அதனால இத கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு. டிக்கெட்லயே சாப்பாடு அடங்கிடுது, பெரிய டைனிங் ரூம், பஃபே ரெண்டும் ஃப்ரீ, அதுலயே வயிறு நிறையும். செஃப்ஸ் டேபிள்ங்கறது அதுக்கு மேல தனி காசு. பத்துலேர்ந்து பதினாறு பேர் வரைக்கும் ஒரே டேபிள், அஞ்சு ஆறு கோர்ஸ், அதாவது ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா வர்ற ஐட்டம், சில எடத்துல எட்டு வரைக்கும் போகும், உக்காந்தா ரெண்டரை மூணு மணி நேரம் ஆகும். ஆனா ஒரே பேர்ல நாலஞ்சு விதமான சமாச்சாரத்த விக்கறாங்க, அங்க தான் ஆளுங்க குழம்பறாங்க. என் கணக்கு ரொம்ப சிம்பிள், சமைக்கறவர் பக்கத்துல நம்மள கொண்டு போய் நிறுத்தறானா, அதுக்கு குடுக்கலாம். ஒயினையும் பெரிய பேரையும் காட்டி காசு கேட்டா நம்ம ஆளுங்க பல பேருக்கு அது வேணாம்.

ஏன் சமைக்கறவர் பக்கம்னு சொல்றேன்னா, எங்க பெரியம்மா பையன் கப்பல் கிச்சன்ல கமீயா, அதாவது அடிமட்ட சமையல் ஆளா, சேந்து மேல வந்தவன், அவன் சொல்ற விஷயம் இது. மெயின் டைனிங் ரூமுக்கு ஒரு ராத்திரியில ஆயிரக்கணக்குல ப்ளேட் போவுது, ரெண்டு பந்தி, அதனால கறிய முன்னாடியே சுட்டு சூடு பொட்டியில வெச்சு, சாஸ பெரிய பாத்திரத்துல காச்சி, ஆர்டர் வந்ததும் வரிசையா நின்னு அடுக்கி அனுப்பறாங்க, அது தப்பில்ல, அவ்ளோ பேருக்கு வேற வழியே கிடையாது. செஃப்ஸ் டேபிளுக்கு பன்னெண்டு ப்ளேட் தான். மீன் கல்லுலேர்ந்து எறங்கி நம்ம முன்னாடி வர்ற வரைக்கும் ரெண்டு நிமிஷம் கூட ஆவாது. பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா நூடுல்ஸ் விக்கற அத்தோ கடையில நின்னு சாப்பிட்டிருக்கீங்கல்ல, அண்ணன் நம்ம கண்ணு முன்னாடி நூடுல்ஸ கையால பெசஞ்சு புளித்தண்ணி ஊத்தி, "காரம் போதுமா"ன்னு கேட்டுட்டு குடுப்பாரு, அதே அத்தோவ பார்சல் கட்டி வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா அந்த ருசி பாதி போயிடும், அந்த வித்தியாசத்துக்கு தான் இங்க காசு.

சரி, இப்போ எதெது எப்படின்னு பாக்கலாம்.

எனக்கு ரொம்ப பிடிச்ச வகை கிச்சனுக்குள்ள கூட்டிட்டு போறது. பிரின்சஸ், கார்னிவல் ரெண்டு கம்பெனியும் இத செய்றாங்க. மொதல்ல கிச்சனுக்குள்ளயே நிக்க வெச்சு ஒரு கிளாஸ் ஷாம்பெய்னும் சின்னச் சின்ன ஐட்டமும் குடுப்பாங்க, செஃப் சுத்திக் காட்டுவாரு, அப்புறம் தான் டேபிளுக்கு போறது. நான் போன கப்பல்ல உள்ள விடறதுக்கு முன்னாடி கைய நல்லா சோப்பு போட்டு கழுவச் சொன்னாங்க, வயித்துக்கோளாறு எதுனா இருக்கான்னு கேட்டாங்க, வெள்ளைக் கோட்டு ஒண்ணு மாட்டி விட்டாங்க. உள்ள போனா எல்லாம் ஸ்டீல், தரை சொரசொரப்பா வழுக்காத மாதிரி, ஒரு பக்கம் வெயிட்டருங்க ட்ரேய தோள்ல தூக்கிட்டு ஓடறாங்க, ஒருத்தர் மைக்ல டேபிள் நம்பர் கத்தறாரு, அந்தச் சத்தத்துக்கு நடுவுல ஒரு மூலையில ஒரு சின்ன பையன் குனிஞ்சு, இடுக்கி மாதிரி ஒண்ண புடிச்சிக்கிட்டு ஒவ்வொரு ப்ளேட்லயும் ஒரு துளிர் இலைய வெச்சிக்கிட்டு இருந்தான், பன்னெண்டு ப்ளேட்டும் ஒரே மாதிரி வர்ற வரைக்கும் அவன் தலைய தூக்கவே இல்ல. அந்தக் காட்சிக்கே எனக்கு காசு ஜீரணம் ஆயிடுச்சு. இன்னொண்ணு கவனிச்சேன், அடுப்புல நெருப்பே இல்ல. கப்பல் கிச்சன்ல பெரும்பாலும் கேஸ் வெக்கறதில்ல, தீ விபத்து பயம், எல்லாம் கரண்ட் அடுப்பு. அதனால தான் நம்ம ஊரு ஃப்ரைட் ரைஸ்ல வர்ற அந்த புகை வாசனை கப்பல்ல வராது, அத எதிர்பாத்து போகாதீங்க.

பிரின்சஸ்ல இன்னொரு விதமும் இருக்கு, 2013ல வந்த ராயல் பிரின்சஸ் கப்பல்லேர்ந்து லூமியேர்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, கண்ணாடி டேபிள், சுத்தி லைட்டாலயே திரை போட்ட மாதிரி. பாக்க நல்லா தான் இருக்கும், ஆனா டைனிங் ஹால் நடுவுல எல்லாரும் பாக்க உக்காந்து சாப்பிடறது சில பேருக்கு கூச்சமா இருக்கும், எங்க அம்மா மாதிரி ஆளுங்கள அங்க உக்கார வெக்க முடியாது.

ராயல் கரீபியன்ல செஃப்ஸ் டேபிள்னா தனி ரூம், அஞ்சு கோர்ஸ், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஒயின். செஃப் வந்து வந்து ஒவ்வொரு ஐட்டத்தையும் விளக்கிட்டு போவாரு. சிங்கப்பூர்லேர்ந்து போற நம்ம ஆளுங்களுக்கு கைக்கு எட்டறது பெரும்பாலும் இந்தக் கம்பெனி தான். இங்க யோசிக்க வேண்டிய விஷயம் என்னன்னா, அந்த விலையில நல்ல ஒரு பங்கு ஒயினுக்கு. குடிக்காத ஆளு ஜூஸ கையில வெச்சிக்கிட்டு அதே காச குடுக்கறது நியாயமா எனக்கு தோணல. நீங்க ஒயின் ரசிக்கறவங்கன்னா விஷயம் வேற, வெளியில அந்த ஒயின தனித்தனியா வாங்கினா இன்னும் மேல ஆகும். இதே கம்பெனியோட ஐகான் ஆஃப் த சீஸ் கப்பல்ல, 2024ல வந்தது, எம்பயர் சப்பர் கிளப்னு எட்டு கோர்ஸ், கூடவே காக்டெயில், பக்கத்துல ஜாஸ் வாசிப்பாங்க. அது மயாமி பக்கம் ஓடற கப்பல், விலையும் எங்கயோ இருக்கு, குடிக்காதவங்க அந்தப் பக்கம் போக வேணாம்.

அடுத்தது பேர் பெத்த செஃப்புங்க பேர்ல இருக்கற ரெஸ்டாரன்ட்டு. டிஸ்னி ட்ரீம் கப்பல்ல 2011லேர்ந்து ரெமின்னு ஒண்ணு இருக்கு, ஃப்ரெஞ்சு சாப்பாடு, பதினெட்டு வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு மட்டும். மெனு போட்டவங்கள்ல ஒருத்தர் அர்னோ லல்லெமான், ஃப்ரான்ஸ்ல அவரோட சொந்த ரெஸ்டாரன்ட்டுக்கு மூணு மிஷலின் ஸ்டார், ரெஸ்டாரன்ட்டுக்கு குடுக்கற ஒசந்த மார்க் அது. செலிப்ரிட்டி பியாண்ட் கப்பல்ல டேனியல் பூலூ பேர்ல ல வொயாஜ், அது 2022. தரம் ஒசந்தது, அதுல சந்தேகமே வேணாம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும், அந்தப் பெரிய செஃப் கப்பல்ல இருக்க மாட்டாரு. மெனு போட்டுக் குடுத்து ஆளுங்கள பழக்கி விட்டிருப்பாரு, தெனம் சமைக்கறது கப்பல் டீம் தான், அதுல நம்ம ஊரு பசங்களும் இருப்பாங்க. அவரே வந்து கை குலுக்குவாருன்னு நெனச்சு போனா ஏமாந்துடுவீங்க. தவிர இது செஃப்ஸ் டேபிள் இல்ல, ரெஸ்டாரன்ட்டு, உங்க டேபிள் உங்களுக்கு, அறிமுகம் இல்லாத பத்து பேரோட பேச்சு குடுக்க வேணாம். கல்யாண நாளுக்கு ரெண்டு பேர் மட்டும் அமைதியா உக்காரணும்னா நான் இதத் தான் சொல்வேன், குழந்தைங்கள கிட்ஸ் கிளப்ல விட்டுட்டு போலாம்.

குழந்தைங்களோட தான் சாப்பிடணும்னா செலிப்ரிட்டி கம்பெனி கப்பல்ல ல பெட்டி ஷெஃப்னு ஒண்ணு இருக்கு, காலி ப்ளேட்டு மேல ஒரு குட்டி சமையல்காரர் பொம்மை ப்ரொஜக்டர்ல ஓடி ஆடி சமைக்கும், அது முடிஞ்சதும் அதே ஐட்டம் நெஜமா வரும். பெல்ஜியம்காரங்க உருவாக்கினது. பசங்க துள்ளிக் குதிப்பாங்க. சாப்பாடு சுமார், ஒரு தடவ போதும். ஓஷியானியா கம்பெனியோட லா ரிசர்வ் இருக்கு, 24 சீட்டு, ஏழு கோர்ஸ், ஆனா மொத்தமும் ஒயின சுத்தி தான், அதப் பத்தி மேல சொன்னதே போதும்.

இப்போ என் மனசுல மொத எடத்துல இருக்கறதுக்கு வரேன், சில்வர்சீயோட சால்ட். 2021ல சில்வர் மூன் கப்பல்ல ஆரம்பிச்சாங்க. கப்பல் எந்த ஊருக்கு போவுதோ அந்த ஊரு சமையல் அன்னைக்கு மெனுவுல வரும், ஊரு மாறினா மெனு மாறும், கப்பல்லயே ஒரு லேப் மாதிரி வெச்சு அந்த ஊரு சமையல சொல்லித் தராங்க, கரையில எறங்கினா மார்க்கெட்டுக்கு கூட்டிட்டு போறாங்க. கடல்ல போறவன் கரையில இருக்கறவங்க சாப்பாட்ட மதிச்சு சமைக்கறது தானே முறை, வாரம் முழுக்க எந்த ஊரு போனாலும் அதே ஸ்டீக், அதே லாப்ஸ்டர் வால்னா எதுக்கு ஊர் ஊரா போவணும்? ஆனா இந்தக் கம்பெனி டிக்கெட்டே பல லட்சம், அது நம்மள்ல கொஞ்ச பேருக்கு தான் ஆவும். முடிஞ்சவங்க வேற எதையும் பாக்காம இதுக்கு போங்க.

மீனப் பத்தி தனியா சொல்லியே ஆவணும், காசிமேட்டுக்காரங்க படிப்பீங்க. விடியக்காலம் செவுள தூக்கிப் பாத்து, கண்ணு பளபளன்னு இருக்கான்னு பாத்து வஞ்சிரம் வாங்கற கைக்கு கப்பல் மீன் ஏமாத்தமா தான் இருக்கும், சுத்தி கடல் இருந்தாலும் கப்பல்ல வர்றது பெரும்பாலும் ஃப்ரீஸர் மீன், கிளம்பற துறைமுகத்துல மொத்தமா ஏத்திக்கறது. அதுலயும் பச்சையா பரிமாறற மீனுக்கு அமெரிக்க விதி ஒண்ணு இருக்கு, சில சூரை வகை, பண்ணை மீன் தவிர மத்ததெல்லாம் மைனஸ் 20 டிகிரியில ஏழு நாள் உறைய வெச்சிருக்கணும், இல்லன்னா மைனஸ் 35ல கெட்டியாக்கி 15 மணி நேரம் வெக்கணும், புழு பூச்சி சாவறதுக்கு. இது நல்லதுக்கு தான், பயப்பட வேணாம். ஆனா செஃப்ஸ் டேபிள்ல மீன் கோர்ஸ நம்பி காசு கட்டாதீங்க, கறி, சூப்பு, டெசர்ட் இதுல தான் அவங்க கைவண்ணம் தெரியும்.

அடுத்த பிரச்சினை மாட்டுக்கறியும் சைவமும் ஹலாலும். இந்த மெனுவெல்லாம் முன்னாடியே முடிவு பண்ணி வெச்சது, நடுவுல வர்ற பெரிய கோர்ஸ் அநேகமா மாட்டுக்கறி தான். டேபிள்ல உக்காந்துட்டு சொன்னா பாவம் அவங்களும் என்ன பண்ணுவாங்க, ஒரு காய்கறி ப்ளேட்ட தான் குடுப்பாங்க, காசு மட்டும் அதே காசு. ஏறறதுக்கு முன்னாடியே மெயில் போட்டு, எங்களுக்கு இது இது வேணாம், பதிலுக்கு என்ன குடுப்பீங்கன்னு கேட்டு எழுத்துல வாங்கிடுங்க. சரியா பதில் வரலன்னா அத விட்டுடுங்க. சுத்த சைவம், ஜெயின், ஹலால் இதெல்லாம் கண்டிப்பா வேணும்னா சிங்கப்பூர்லேர்ந்து போற ஜென்டிங் ட்ரீம் கப்பல்ல கவலையே இல்லாம சாப்பிடலாம், சைவம், ஜெயின் மட்டும்னா நம்ம கார்டீலியாவும் இருக்கு.

கார்டீலியா எம்ப்ரஸ் கப்பல் 1990ல கட்டினது, முன்னாடி ராயல் கரீபியன் கிட்ட இருந்தது தான். அதுல ஸ்டார்லைட்டும் ஃபுட் கோர்ட்டும் டிக்கெட்ல சேத்தி, சாப்ஸ்டிக்ஸும் செஃப்ஸ் டேபிளும் தனி காசு. பேர் ஒண்ணா இருக்கேன்னு நான் மேல சொன்னதெல்லாம் கிடைக்கும்னு நெனச்சிடாதீங்க, கிச்சனுக்குள்ள விடுவீங்களா, எத்தன பேர் உக்காருவாங்க, செஃப் வந்து பேசுவாரான்னு மூணு கேள்வி கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. எந்தக் கப்பலா இருந்தாலும் இதே மூணு கேள்வி தான்.

புக்கிங்குக்கு அவசரம் காட்டணும், கொஞ்சம் சீட்டு தான், பல கப்பல்ல ஒரு ட்ரிப்புக்கு ஒண்ணு ரெண்டு ராத்திரி தான் நடத்துவாங்க. ஆன்லைன்ல இல்லன்னா ஏறின அன்னைக்கே, பொட்டிய ரூம்ல வெக்கறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணிடுங்க. போட்டிருக்கற விலைக்கு மேல பல கப்பல்ல 18லேர்ந்து 20 சதவீதம் டிப்ஸ் தானா ஏறும், அத சேத்து கணக்கு போடுங்க. அமெரிக்க துறைமுகம் தொடற கப்பல்னா சிடிசிங்கற அமெரிக்க அரசாங்க சுகாதார அமைப்பு கிச்சனையும் சேத்து கப்பல சோதிச்சு 100க்கு மார்க் போடுவாங்க, 85ம் அதுக்கு கீழயும் ஃபெயில், கப்பல் பேர் போட்டு நெட்ல தேடினா மார்க் வந்துடும், டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி பாத்துடுங்க.

சாப்பிட்டு முடிச்சதும் ஒண்ணு மறக்காம செய்ங்க. எறங்கறப்போ ஃபீட்பேக் ஃபார்ம் வரும், அதுல "சாப்பாடு சூப்பர்"னு மட்டும் போடாம சமைச்ச பையன், பரிமாறின பொண்ணு பேர எழுதுங்க, சட்டையில பேட்ஜ் இருக்கும், பாத்து எழுதலாம். அடுத்த கான்ட்ராக்ட்டுக்கும் ப்ரமோஷனுக்கும் அந்தப் பேர் எண்ணிக்கைய பாக்கறாங்கன்னு பெரியம்மா பையன் சொன்னான், அவனே அப்படித் தான் மேல வந்தான்.