எம்பிவி பிளேயர்: கறுப்புத் திரையைப் பார்த்து மூடிவிடாதீர்கள்

எம்பிவியைத் திறந்ததும் வருவது ஒரு கறுப்புச் சன்னல். நடுவில், கோப்பை இங்கே இழுத்துப் போடலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மெனு பட்டை கிடையாது, செட்டிங்ஸ் பக்கம் கிடையாது. விஎல்சி பழகிய கைக்கு இது அரைகுறை மென்பொருள் போலத் தெரியும். அப்படியல்ல. எம்பிளேயர் என்ற பழைய வீடியோ பிளேயரின் வழிவந்த இந்த இலவச பிளேயர் வீடியோ ஓட்டுவதை மட்டும் எடுத்துக்கொண்டு அதைப் பிரமாதமாகச் செய்கிறது.

உபுண்டு லினக்ஸில் மென்பொருள் நிறுவும் ஏபிடி கட்டளை ஒன்று போதும். விண்டோஸுக்குச் சுருக்கிய கோப்பாகக் கிடைக்கும். அதை டவுன்லோட்ஸில் விரித்து அங்கேயே விட்டுவிடாதீர்கள். நிரந்தரமான ஓர் இடத்துக்கு மாற்றிய பிறகு, கூடவே வரும் இன்ஸ்டாலர் ஃபோல்டரில் உள்ள பேட்ச் (.bat) கோப்பை அட்மினாக ஓட்டுங்கள். பின்னால் ஃபோல்டரை நகர்த்தினால் இரட்டைக் கிளிக்கில் படம் திறக்காது. அதே பேட்ச் கோப்பை மறுபடி ஓட்ட வேண்டும்.

பெரும்பாலான வேலை விசைப்பலகையில்தான். இடது வலது அம்பு 5 வினாடி, மேல் கீழ் அம்பு 1 நிமிடம் நகர்த்தும். [ ] வேகத்தைப் 10 சதவீதம் குறைக்கும், கூட்டும். குரல் கீச்சென்று மாறாது. பேக்ஸ்பேஸ் தட்டினால் இயல்பு வேகம். க்யூ அழுத்தினால் மூடும். ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு மூடும். அந்தக் குறிப்பு கோப்பின் முகவரியோடு கட்டப்பட்டது. படத்தை வேறு ஃபோல்டருக்கு மாற்றினாலோ பெயரைத் திருத்தினாலோ முதலிலிருந்துதான் ஓடும்.

படம் திடீரென வெளிறிப்போனால் பதற வேண்டாம். 1 முதல் 8 வரையிலான எண் விசைகள் கான்ட்ராஸ்ட், வெளிச்சம், காமா, நிறச்செறிவை மாற்றும். கை பட்டிருக்கும். மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

தமிழ்ப் பார்வையாளர்களுக்கு இதன் உண்மையான பலம் சப்டைட்டிலிலும் ஆடியோவிலும் இருக்கிறது. மூன்று நான்கு மொழி ஒலித்தடங்கள் உள்ள கோப்பில் # அழுத்தினால் அடுத்த மொழி. ஜே அழுத்தினால் அடுத்த சப்டைட்டில். எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் பயன்படுவதால் 'கொ', 'ஸ்ரீ' போன்றவை கால் தனியாக, கொம்பு தனியாக உடையாமல் ஒழுங்காக விழும். எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவினால் போதும். கேள்விக்குறிகளும் கிறுக்கல்களுமாக வந்தால் கோளாறு சப்டைட்டில் கோப்பின் என்கோடிங்கில், அதாவது எழுத்துகளைச் சேமித்த குறியீட்டு முறையில். அதை யூடிஎஃப்-8 ஆக மாற்ற வேண்டும்.

சப்டைட்டில் முந்தியோ பிந்தியோ வந்தால் இசட், எக்ஸ் விசைகள் 0.1 வினாடி வீதம் நகர்த்தும். இதைவிட அருமையானது கன்ட்ரோல், ஷிஃப்ட், அம்பு மூன்றும் சேர்ந்தது: அடுத்த அல்லது முந்தைய வசனத்தை இந்தக் கணத்துக்கே இழுத்துவந்து பொருத்திவிடும். ஆனால் தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் இது உதவாது. வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பதிப்புக்கு எழுதிய சப்டைட்டிலை 23.976 ஃபிரேம் படத்தோடு ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் வரை விலகும். அதற்குச் சப்டைட்டிலின் வேகத்தையே மாற்ற வேண்டும், அல்லது சரியான பதிப்பைத் தேட வேண்டும்.

பழைய லேப்டாப்பில் 4கே படம் திக்கித் திணறினால், ஃபேன் இரைந்தால், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வீடியோவை விரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் ஹார்டுவேர் டிகோடிங் இயல்பாக அணைந்தே இருக்கும். முதலில் ஐ அழுத்திப் பாருங்கள். புள்ளிவிவரம் திரையில் வரும். விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் பிராசசர் தாக்குப்பிடிக்கவில்லை. கன்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்துத் தட்டினால் டிகோடிங் வேலை கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போகும். இது அந்த ஓட்டத்துக்கு மட்டும். நிரந்தரமாக்க, அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பில் ஹெச்.டபிள்யூ.டெக் என்ற பெயருக்கு எதிரே ஆட்டோ-சேஃப் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஒரு வரி (hwdec=auto-safe) எழுத வேண்டும். அதே கோப்பில் ஒலியின் மொழியைக் குறிக்கும் ஏலாங் (alang) என்பதற்குத் தமிழின் மொழிக்குறியீட்டைக் கொடுத்தால், மொழி குறிக்கப்பட்ட கோப்புகளில் தமிழ் ஒலியே முதலில் வரும்.

இந்த இடத்தில்தான் விண்டோஸ்காரர்கள் சறுக்குவார்கள். கான்ஃபிக் கோப்பைச் சேமிக்கும்போது நோட்பேட் அதன் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி (.txt) என்று ஒட்டிவிடும். எக்ஸ்ப்ளோரர் அந்த வாலை மறைத்துவிடும். எழுதிய எதுவும் வேலை செய்யாது, பிழைச் செய்தியும் வராது. எக்ஸ்ப்ளோரரில் கோப்பு நீட்டிப்பைக் காட்டச் சொல்லிப் பெயரைச் சரிசெய்யுங்கள்.

டிவிடி மெனு, டிவிக்கு அனுப்பும் காஸ்ட் வசதி ஆகியவை எம்பிவியில் இல்லை. அவை வேண்டுமென்றால் விஎல்சியை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேக்கில் இதே என்ஜினுக்குப் பொத்தான்களும் செட்டிங்ஸ் பக்கமும் வேண்டும் என்பவர்களுக்கு ஐனா (IINA) என்ற பிளேயர் இருக்கிறது.