ஹட்டன் டியூஷனா, வீட்டில் அரை மணி நேரமா?

மகள் தரம் 8இல் முதலாம் தவணையில் கணிதத்துக்கு 34 புள்ளி எடுத்து வந்தாள். தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தைக் கோட்டை விட்டால் உயர்தரம் சிக்கலாகிவிடும் என்ற பயத்தில், சனிக்கிழமைகளில் ஹட்டனில் ஒரு வகுப்பில் சேர்த்தோம். ஐந்து மாதத்தில் நிறுத்திவிட்டு, இப்போது இரவில் நானே பக்கத்தில் உட்காருகிறேன்.

டியூஷனில் என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: பாடம் தெரிந்த ஆசிரியர், கடந்தகால வினாத்தாள், கூடப் படிக்கும் பிள்ளைகள். வகுப்புக் காசும் பஸ் காசும் கொழுந்து பறிக்கும் வீட்டுக்குப் பாரம்தான். போனில் பார்க்கும் பாடத்தைத் திரும்பத் திரும்பப் போடலாம். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) சிக்னல் பிடிக்க மேட்டுக்கு ஏற வேண்டும், மழையில் அது நடக்காது.

என் முடிவை மாற்றியது வேறொன்று. பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறாள் என்பதை அந்த வகுப்பால் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியர் அட்சரகணிதம் நடத்துகிறார். இவளுக்கோ தரம் 6இன் பின்னமே பிடிபடவில்லை. ஒருநாள் 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டச் சொன்னேன். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதினாள். "பிழை" என்று நான் சொல்லவில்லை. ரொட்டியைப் பிய்த்து வைத்து, "அரை ரொட்டியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையை விடக் குறையுமா, பாப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டையும் ஆறு துண்டுக் கணக்குக்கு மாற்றி, 3/6உம் 2/6உம் சேர்ந்து 5/6 என்று அவளே சொன்னாள்.

அன்றே பக்கத்து வீட்டில் தரம் 6 புத்தகத்தை இரவல் வாங்கினேன். (கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் இறக்கிக்கொள்ளலாம்.) ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு, அதற்கு மேல் இல்லை. விடை சரியோ பிழையோ, "எப்படிச் செய்தே, சொல்லு" என்பேன். சொல்லும்போதே பாதிப் பிழையை அவளே பிடித்துவிடுகிறாள். சதவீதத்துக்கு என் சம்பளத் துண்டை எடுத்தோம். ஈ.பி.எஃப்.க்கு (ஊழியர் சேமலாப நிதிக்கு) நம்மிடம் பிடிப்பது 8 சதவீதம், தோட்ட நிர்வாகம் போடுவது 12 சதவீதம். 10,000 ரூபாய்க்கு 800உம் 1,200உம். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் துண்டை வாங்கிச் சரிபார்ப்பது அவள்தான்.

மூன்றாம் தவணையில் 58 எடுத்தாள். இது ஒரு பிள்ளையை வைத்துச் சொல்லும் கதை. பத்து மணி நேரம் வேலை செய்துவிட்டு வரும் தாய்க்கு அரை மணி நேரமும் பெரியது. நானே சில இரவுகளில் தூங்கிப்போயிருக்கிறேன். திரிகோண கணிதம் எனக்கு ஓடாது. தரம் 10க்குப் போனதும் திரும்ப வகுப்புத் தேடத்தான் வேண்டும். அப்போது பிள்ளைகள் குறைவாக இருக்கிற, கொப்பியைத் திறந்து பார்க்கிற ஆசிரியராகப் பார்ப்பேன்.