தள்ளுபடி ரெகுலேட்டரும் நவம்பர் மாத ரசீதும்

ஜோகூரில் காஹாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், நவம்பர் 11-இல் நடக்கும் 11.11 இணைய விற்பனையில் நாற்பது விழுக்காடு கழிவில் வரும் ஸ்கூபா ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் முக்குளிப்புக் கருவி) செட்டை வாங்கலாமா என்று புலனத்தில் கேட்டிருந்தார். கிட்டத்தட்ட அதே செட்டை, அதே மாதிரி இணையத்தில் கழிவில் வாங்கி, பல பருவமாகத் தியோமான் தீவில் பயன்படுத்தி வருகிறேன். பொருளைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். வாரண்டி இருக்கிறதாமே என்றும் கேட்டார். அதற்குத்தான் இவ்வளவும்.

முதலில் பொருளுக்கு உரிய நியாயம். சிலிண்டர் வாயில் மாட்டி அழுத்தத்தை முதலில் குறைக்கும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், பேலன்ஸ்டு டயஃப்ராம் வகை. சிலிண்டரில் அழுத்தம் 200 பார் இருந்தாலும் 50 பார் இருந்தாலும் மூச்சு ஒரே சீராக வருகிறது. தியோமானை ஒட்டிய முக்குளிப்பு இடங்களான செபே, லபாஸ் பக்கம் நீரோட்டம் இழுத்து, மூச்சு வேகமாக வாங்கும்போதும் திணறுவதில்லை. குரோம் பூச்சு உரியவில்லை, ஹோஸ் வாய்களில் வெடிப்பு இல்லை. உள்ளூர்க் கடை விலையோடு ஒப்பிட்டால் மிச்சமும் கணிசம்தான்.

என் கோபம் எல்லாம் ரசீதில் இருக்கும் தேதி மேல்.

கழிவு விற்பனைகள் 9.9, 10.10, 11.11, 12.12 என்று ஆண்டுக் கடைசியில் வந்து குவிகின்றன. கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் இறங்கிவிடும். மெர்சிங் படகுத்துறையில் பயணங்கள் குறையும், தீவில் பெரும்பாலான விடுதிகள் கதவை அடைத்துவிடும், மார்ச் வாக்கில்தான் கடல் தெளியும். ஆக, நவம்பரில் வாங்கிய ரெகுலேட்டர் தண்ணீரைப் பார்க்கவே நான்கு மாதம் ஆகிறது. விற்பனைத் தளம் தரும் திருப்பி அனுப்பும் அவகாசமோ சில நாள்தான். வாரண்டி ரசீதுத் தேதியிலிருந்து ஓடுகிறது. ஓராண்டு வாரண்டி என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு பெட்டிக்குள்ளேயே கரைந்துவிடும். இதைவிட மோசம், வருடாந்தர சர்வீஸ் கெடுவையும் பல நிறுவனங்கள் வாங்கிய தேதியிலிருந்தே எண்ணுகின்றன. முதல் டைவ் அடித்த தேதியை எவரும் கேட்பதில்லை. எட்டு மாதம்கூடக் கடலில் இறங்காத பொருளுக்கு சர்வீஸ் ரசீது இல்லை என்று சொல்லி வாரண்டிக் கோரிக்கையைத் தள்ளும்போது வயிறு எரிகிறது. நகரத்தில், கடைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமாகப் படாது. காஹாங்கில் இருந்து அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் கடைக்குப் போக வேண்டுமானால் ஜோகூர் பாருவுக்கோ கோலாலம்பூருக்கோ ஒரு நாள் வேலையை விட்டுத்தான் போக வேண்டும்.

வாரண்டி என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அது தருபவர் யார் என்பதைப் பொறுத்து மூன்று விதம். தயாரிப்பாளர் தருவது ஒன்று. மலேசிய இறக்குமதியாளர் தருவது இன்னொன்று. விற்ற இணையக் கடையே தன் பெயரில் தருவது மூன்றாவது. பெரிய டைவிங் நிறுவனங்கள் பல, அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்கிய முதல் உரிமையாளருக்கு மட்டும்தான் வாரண்டி என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கின்றன. அங்கீகாரம் இல்லாமல் விற்கும் தள்ளுபடிக் கடைகள் அந்த இடத்தில் தங்கள் சொந்த வாரண்டியை நிரப்பிவிடுகின்றன. விளம்பரத்தில் '2 ஆண்டு வாரண்டி' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் இதுதான். அதாவது கடை மூடினால் வாரண்டியும் மூடும். பொருளைக் கடையின் செலவில் அல்ல, உங்கள் செலவில் அவர்கள் நாட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். சீரியல் எண் சுரண்டப்பட்டிருந்தால் பேச்சே இல்லை, உடனே திருப்பி அனுப்புங்கள்.

எதற்கு வாரண்டி என்பதையும் பார்க்க வேண்டும். ரெகுலேட்டரில் உலோக உடம்பு கெடுவது அபூர்வம். கெடுவது ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஹை பிரஷர் சீட் (ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் காற்றை அடைக்கும் சிறு துண்டு), டயஃப்ராம் (சவ்வு), எக்ஸாஸ்ட் வால்வு (விட்ட மூச்சு வெளியேறும் வழி), மவுத்பீஸ். இவை தேய்மானப் பொருள் என்று வாரண்டித் தாளின் கடைசிப் பத்தியில் விலக்கப்பட்டிருக்கும். ஆயுள் முழுவதும் உதிரிபாகம் இலவசம் என்று சொல்லும் திட்டங்களிலும் கூலி உங்களுடையது, ஒரு வருட சர்வீஸ் விட்டாலே சலுகை போய்விடும். கழிவில் வாங்கி மிச்சப்படுத்திய பணம் இப்படி வருடா வருடம் சில நூறு ரிங்கிட்டாக சர்வீஸ் மேசைக்குப் போய்ச் சேர்கிறது. உள்ளூரில் வாங்கியவருக்கும் சர்வீஸ் செலவு உண்டு என்பது உண்மை. ஆனால் வாங்கிய கடையிலேயே செய்யும்போது கெடு தவறுவதில்லை, முகம் தெரிந்தவர் செய்கிறார்.

கோரிக்கை போனதும் டெக்னீஷியன் முதலில் பார்ப்பது ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாயில் இருக்கும் சிறிய ஃபில்டரைத்தான். சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும். அதில் பச்சை படிந்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். செம்பழுப்பு என்றால் சிலிண்டரில் இருந்து வந்த துரு. சாம்பல் நிறப் பொடி என்றால் அலுமினியச் சிலிண்டரின் ஆக்சைடு. பச்சை இருந்தால் மறுபேச்சு இல்லாமல் 'முறையற்ற பராமரிப்பு' என்று எழுதித் திருப்பிவிடுவார்கள், ஹை பிரஷர் சீட்டில் வந்தது தயாரிப்புக் குறையாகவே இருந்தாலும் சரி. தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் கழுவும்போதுதான். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாயை மூடும் டஸ்ட் கேப்பைத் துடைத்து, உலர்த்தி, இறுக்கி மூடிய பிறகே நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். காற்றழுத்தம் இல்லாத நிலையில் வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜில் காற்றைப் பீய்ச்ச வைக்கும் பர்ஜ் பொத்தானை அழுத்தவே கூடாது. அழுத்தினால் வால்வு திறந்து, தண்ணீர் ஹோஸ் வழியாக ஏறி ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குப் போய்விடும். முடிந்தால் சிலிண்டரில் மாட்டிக் காற்றைத் திறந்துவிட்டே கழுவுவது நல்லது.

இரண்டாவதாகப் பார்ப்பது ஸ்பேனர் தடம். குழாய் வேலைக்கு வைத்திருக்கும் ஸ்பேனரால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் காலரைத் திருகிப் பார்த்திருந்தால் குரோமில் கீறல் விழும். அந்தக் கீறலோடு எந்த வாரண்டியும் நிற்காது.

மழைக்காலத்தில் வாங்குவதுதான் என்று முடிவானால், 'பொருள் கிடைத்தது' என்ற பொத்தானை அழுத்தும் முன்பு வீட்டிலேயே சோதிக்க வழி இருக்கிறது. அந்தப் பொத்தானை அழுத்தியதும் பணம் விற்பவர் கைக்குப் போய்விடும், அதனால் அவசரப்பட வேண்டாம். பெட்டியைப் பிரிப்பதை வெட்டு இல்லாமல் கைப்பேசியில் படமெடுங்கள், சீரியல் எண் தெளிவாகத் தெரியட்டும். டஸ்ட் கேப்பை மூடிய நிலையில் மவுத்பீஸில் வாய் வைத்து மெல்ல உறிஞ்சுங்கள். காற்று வராமல் இறுகி நிற்க வேண்டும். கசிந்து வந்தால் டயஃப்ராமோ எக்ஸாஸ்ட் வால்வோ சரியாக உட்காரவில்லை. இதற்குச் சிலிண்டர் தேவையில்லை.

அடுத்த சோதனைக்குச் சிலிண்டர் வேண்டும். டைவிங் பயிற்சிச் சான்று அட்டை உள்ளவர் என்றால் மெர்சிங் அல்லது ஜோகூர் பாரு டைவ் கடையில் நிரப்பிய சிலிண்டர் ஒன்றை வாடகைக்குக் கேட்டு எடுக்கலாம். மிதவை உடுப்புக்குக் காற்று தரும் இன்ஃப்ளேட்டர் ஹோஸில் மாட்டி, இரண்டு ஸ்டேஜுக்கும் இடையிலான அழுத்தத்தைக் காட்டும் இடைநிலை அழுத்தமானி விலை அதிகமில்லை, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஸ்டேஜ் இரண்டும் (வழக்கமானதும் உபரியும்) மாட்டியிருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். சிலிண்டரைத் திறந்தால் முள் பெரும்பாலான மாடல்களில் 9 முதல் 10 பாருக்குள் நிற்கும். ஒரு மூச்சு இழுத்தால் சற்று இறங்கி, சட்டென்று பழைய இடத்துக்கு ஏறி நிற்க வேண்டும். நின்ற பிறகும் முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் ஹை பிரஷர் சீட் முழுதாக அடைக்கவில்லை. சில நிமிடத்தில் செகண்ட் ஸ்டேஜில் உஸ் என்று காற்று கசியத் தொடங்கும். அந்த முள் ஏறுவதை அப்படியே படமெடுத்து வையுங்கள். 'சரியாக வேலை செய்யவில்லை' என்று எழுதுவதைவிட '9.5 பாரில் நின்று ஐந்து நிமிடத்தில் 11 பாருக்கு ஏறியது' என்று எழுதினால் மறுப்பது கடினம். பிறகு காற்று திறந்த நிலையிலேயே முழு செட்டையும் தண்ணீர்த் தொட்டியில் முக்குங்கள். ஹோஸ் கிரிம்ப் (ஹோஸை உலோகத்தோடு நெருக்கிப் பிடிக்கும் இடம்), பிரஷர் கேஜின் சுழல் இணைப்பு, சிலிண்டர் வாய் ஓ-ரிங் ஆகிய மூன்று இடத்திலும் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சிலிண்டர் வாய் ஓ-ரிங்கில் வரும் குமிழி ரெகுலேட்டர் குறை இல்லை, புது ஓ-ரிங் போட்டால் நிற்கும்.

ஐரோப்பியத் தள்ளுபடிக் கடைகளில் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாக உள்ள காற்று) என்று குறித்து விற்கும் ரெகுலேட்டர்களில் எம்26 திருகு இருக்கும், அவர்கள் ஈஎன் 144-3 தரவிதியின்படி. நம் பக்கத்துச் சிலிண்டர்கள் கவ்வி மாட்டும் ஏ-கிளாம்ப் அல்லது திருகி மாட்டும் சாதாரண டி.ஐ.என். (DIN) வாய்தான். எம்26 அதில் ஏறாது. இது குறைபாடு இல்லை என்பதால் வாரண்டியில் மாற்றித் தரவும் மாட்டார்கள்.

பின்னலுறை போட்ட ஹோஸ் இலவசமாக வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளில் சிலவகை ஹோஸ்களின் உட்குழாய் சிதைந்து படிகமாகி, அது காற்றுப் பாதையை அடைப்பதாக முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் எச்சரித்திருக்கிறது. துத்தநாகத் தகரக் கூரை போட்ட தோட்ட வீட்டில் மழைக்காலம் முழுக்கச் சுருட்டி வைத்தால் வெப்பமும் ஈரமும் குறைவின்றிக் கிடைக்கும். வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். சாதாரண ரப்பர் ஹோஸே போதும்.

ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் கதை தனி. பேட்டரியை நீங்களே மாற்றும் மாடலில் மூடியின் ஓ-ரிங்கில் ஒரு முடி கிடந்தாலும் தண்ணீர் புகும், அதை வாரண்டி ஏற்காது. ஒவ்வொரு பேட்டரி மாற்றத்திலும் ஓ-ரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். கோரிக்கைக்குக் கூரியரில் அனுப்பும் முன் லித்தியம் பேட்டரி விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். உதிரிபாகத்தை வெளிநாட்டில் இருந்து வாங்கினால், 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இணைய இறக்குமதிக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பழுது பார்த்துத் திரும்பும் பொருளுக்கு அனுப்பும்போதே சுங்கத்தாளில் அப்படிக் குறிக்கச் சொல்லுங்கள். புதுப் பொருள் என்று எழுதி வந்தால் உங்கள் தலையில் இன்னொரு செலவு விழும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று பிரிவு 32-இல் சொல்கிறது. பழுதுபார்ப்புக்கும் உதிரிபாகத்துக்கும் வழி வைத்திருக்க வேண்டும் என்று பிரிவு 37. வாரண்டித் தாளில் என்ன எழுதினாலும் தரம் பற்றிய உரிமையை விற்பவர் தட்டிப் பறிக்க முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முதல் படிவம் கொடுக்க 5 ரிங்கிட்தான் கட்டணம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் கொடுத்தால் போதும், வழக்கறிஞர் வேண்டாம். கையில் வேண்டியவை ரசீது, நீங்கள் வாங்கிய அன்று எடுத்த விளம்பரப் பக்கத்தின் படம், அழுத்தமானிப் படம், எழுத்தில் கொடுத்த புகார், அவர்கள் தந்த பதில். விளம்பரப் பக்கம் ஒரு மாதத்தில் மாறிவிடும், அதனால் பணம் கட்டும் அன்றே படமெடுங்கள். எதிர்த்தரப்பின் பதிவுப் பெயரும் முகவரியும் வேண்டும், எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு எண் போட்டிருக்கும் கடை என்றால் இது எளிது. விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் தீர்ப்பு கிடைத்தாலும் அதை வசூலிப்பது மிகக் கடினம். தள்ளுபடியில் பெரும்பகுதி வெளிநாட்டுக் கடைகளில்தான் இருக்கிறது.

ஆகவே தம்பி, பொருள் தரம், விலை மலிவு, சட்டம் துணை. இத்தனையும் சொன்ன பிறகும் ரெகுலேட்டரை 11.11-இல் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். மாஸ்க், ஃபின், உடுப்பு, பை எல்லாம் கழிவில் தாராளமாக வாங்குங்கள், அவற்றில் ஒன்றும் உயிர் போகாது. ரெகுலேட்டரும் கம்ப்யூட்டரும் வேண்டுமென்றால் பிப்ரவரிக் கடைசியில் உள்ளூர்க் கடையில், விலை அதிகம் என்றாலும் எடுங்கள். மனம் கேட்காமல் இணையத்தில் கைவைப்பதாக இருந்தால், கட்டும் முன்பு ஜோகூர் பாரு சர்வீஸ் கடைக்கு மாடல் பெயரை அனுப்பி, இந்த மாடலுக்கு சர்வீஸ் கிட் இருக்கிறதா, வெளியே வாங்கியதை ஏற்பீர்களா என்று இரண்டே கேள்வி கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்க மாட்டோம் என்றால் பக்கத்தை மூடிவிடுங்கள்.