பயணப்பையில் அடங்கும் ஒளிப்பொறி: வன்னியில் எது உதவும், எது உதவாது

ஒளிப்பொறி என்பது அந்துகளை, அதாவது வண்ணத்துப்பூச்சி போன்ற இரவுப் பூச்சிகளை, விளக்கால் இழுத்து உயிரோடு பிடிக்கும் பொறி; காலையில் படம் எடுத்துக் குறித்துவிட்டு அவற்றை விட்டுவிடலாம். விடுமுறைக்கு ஊர் வருபவர்கள் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடிய மடிப்பு ஒளிப்பொறிகள் இப்போது பல பெயர்களில் விற்பனைக்கு உண்டு. அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான்: யூஎஸ்பி விளக்கு, அதைச் சுற்றி மூன்று கண்ணாடித்தன்மையான தகடுகள், ஒரு புனல், அடியில் துணி வாளி. விளக்கைச் சுற்றும் அந்து தகட்டில் மோதிப் புனலுக்குள் விழும். வன்னிக்கு வாங்கத்தக்கது விளக்கும் தகடும் புனலும் மட்டுமே. வாளிக்குக் கொடுக்கும் காசு வீண்.

விளக்கில் அலைநீளத்தைப் பாருங்கள். 365 நனோமீற்றர் என்று குறித்திருக்கவேண்டும். மலிவான கழியூதா விளக்குகள் பெரும்பாலும் 395. கண்ணுக்குப் பளிச்சென்று ஊதாவாகத் தெரியுமே தவிர அந்துகளை அந்தளவு இழுக்காது. ஒரு வளவுக்கு 10 வாற்று தாராளம். 20,000 மில்லியம்பியர் மணி பவர் பாங்கில் 74 வாற்று மணி இருக்கும். இழப்புப் போக 60 சொச்சம், அதாவது ஆறு மணித்தியாலம். விடியும்வரை எரிய இரண்டு தேவை. விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவரவேண்டும். ஒவ்வொன்றும் 100 வாற்று மணியைத் தாண்டக்கூடாது. மிகச் சிறிய விளக்குகளில் வேறொரு தொல்லை: இழுக்கும் மின் போதாமல் பவர் பாங்க் தானாக அணைந்துவிடும்.

துணி வாளி சோளகக் காற்றில் புரளும். புரளாவிட்டால் எறும்பு ஏறும்; காலையில் செட்டைகள்தான் மிஞ்சும். 20 லீற்றர் பெயின்ற் வாளி ஒன்றை எடுத்து, மூடியில் புனலுக்கு வட்டம் வெட்டுங்கள். மழைநீர் வடிய அடியில் நாலைந்து துளையிட்டு நுளம்பு வலை ஒட்டவேண்டும். தண்ணீர் ஊற்றிய பேசினில் இரண்டு கல்லை இடைவெளி விட்டு வைத்து, வாளியை அதன்மேல் நிறுத்தினால் எறும்பு வராது. பேசின் விளிம்பில் புல்லோ குச்சியோ வாளியைத் தொட்டால் அதுவே பாலம். உள்ளே கடதாசி முட்டைத் தட்டுகளைச் செங்குத்தாக அடுக்குங்கள்; பிளாஸ்ரிக் தட்டில் அந்துகளுக்குப் பிடிப்பு இல்லை. புனலின் கீழ்வாய் 5 சென்ரிமீற்றராவது இருக்கட்டும். அலரியில் வளரும் பச்சைப் பெரிய அந்து அதைவிடச் சிறிய வாயில் சிக்கி நிற்கும்.

குளத்தோரமும் வயலோரமும் வைப்பவர்களுக்கு: பொழுதுபட்டு முதல் ஒரு மணித்தியாலம் விளக்கைப் போடவேண்டாம். அந்த நேரம்தான் நீர்வண்டும் நெல்லைத் தாக்கும் கபிலநிறத் தத்தியும் அள்ளுகொள்ளையாக வரும். வண்டுகள் உள்ளே புரண்டு அந்துகளின் செட்டையைக் கிழித்துவிடும். எறும்பு போலச் செம்மஞ்சளும் கறுப்புமான சிறு வண்டு தோலில் ஏறினால் நசிக்காமல் ஊதிவிடுங்கள்; நசித்தால் தோல் வெந்ததுபோல் கொப்பளிக்கும்.

அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, மழை விட்ட ஐப்பசி இரவுகளில் நல்ல வரவு கிடைக்கும். முழுநிலவில் மிகக் குறைவு. வேலியடைத்த வளவே பொருத்தம். யானை நடமாடும் குளக்கட்டில் நடுச்சாமத்தில் பொறி பார்க்கப் போவது சரிவராது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காட்டோரம் பகலிலும் வேண்டாம். வெயில் ஏறுமுன் திறந்து, அளவுகோலுடன் படம் எடுத்து, பற்றைக்குள் விடுங்கள்; வெளியில் விட்டால் மைனா காத்திருக்கும். குறிப்பில் திகதி, இடம், விளக்கு எரிந்த நேரம், நிலவு, மழை எல்லாம் வேண்டும். அந்து எதையும் அனுமதியின்றிக் கொண்டுசெல்லக்கூடாது. யால பூங்காவில் அனுமதியின்றிப் பூச்சி சேகரித்த இரு இத்தாலியருக்கு 2024இல் நீதிமன்றம் விதித்த தண்டம் 6 கோடி ரூபா.