பைரேட்ஸா, ஒயிட் சாக்ஸா?

ரசிகராவதென்றால் தோற்கிற அமெரிக்க பேஸ்பால் அணிக்குத்தான் என்று மனசு முடிவுசெய்துவிட்டது, பிட்ஸ்பர்க் பைரேட்ஸா சிகாகோ ஒயிட் சாக்ஸா என்பதில்தான் குழப்பம் என்பவர்களுக்கு இது.

கடைசி சாம்பியன் கோப்பை (வேர்ல்ட் சீரிஸ்): பைரேட்ஸுக்கு 1979, ஒயிட் சாக்ஸுக்கு 2005.

வலி: ஒயிட் சாக்ஸ் 2024-இல் ஒரே பருவத்தில் 121 ஆட்டங்கள் தோற்றது, நவீன காலத்தில் வேறெந்த அணியும் அவ்வளவு தோற்றதில்லை. பைரேட்ஸின் வலி வேறு மாதிரி. 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 பருவங்கள் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். அது ஆறாத புண்.

மைதானம்: இதில் போட்டியே இல்லை. பைரேட்ஸின் பிஎன்சி பார்க்கில் உட்கார்ந்தால் அலிகேனி ஆறும் கிளெமென்டே பாலமும் கண்முன்னே.

நம்பிக்கை: பைரேட்ஸிடம் பால் ஸ்கீன்ஸ் இருக்கிறார், 2025-இல் சிறந்த பந்தெறிபவருக்கான சை யங் விருது வாங்கியவர்.

அடிமட்டத்திலிருந்து எழுவதைப் பார்க்க ஆசையா, சரி, ஒயிட் சாக்ஸ். பொறுமை இருக்கிறது, ஆற்றங்கரையில் ஒரு நல்ல மாலை போதும் என்றால் பைரேட்ஸ். நான் அந்தப் பக்கம்தான்.