அல்சூரிலிருந்து எடின்பரோவின் தேவாலயப் பங்கு எல்லைகளைத் தேட உதவிய வரைபடத் தளம்

பெங்களூரு கன்டோன்மென்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் பிறப்பிடங்களைத் தேடிவரும் எனக்கு, ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இலவச வரைபடத் தளம் பெருந்துணையாக இருக்கிறது. ஸ்காட்லாந்தில் குடிமைப் பதிவு, அதாவது பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசே பதிவது, 1855இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஞானஸ்நானத்தைத் தேவாலயப் பங்கின் (parish, ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் இருந்த பகுதி) பதிவேட்டில்தான் தேட வேண்டும் என்பதால், ஒரு தெரு எந்தப் பங்கில் இருந்தது என்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.

எடின்பரோவில் இது எளிதன்று. பழைய நகரைச் சுற்றிப் பரந்து கிடந்தது செயின்ட் கத்பர்ட் பங்கு. பழைய நகரின் முதன்மைத் தெருவான ராயல் மைலின் கீழ்ப்பகுதியான கேனன்கேட், 1856 வரை தனி நகராட்சியாக இருந்தது; தனிப் பங்காகவும் இருந்தது. நிலத்தில் ஒரு மைலுக்குத் தாளில் ஐந்தடி என்ற அளவில், 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் அளந்து வரையப்பட்ட நகர வரைபடத்தை இத்தளத்தில் இன்றைய வரைபடத்தின்மேல் விரித்து, அதன் அடர்த்தியை மெல்லக் குறைத்தால், பழைய சந்துகள் இன்றைய தெருக்களோடு பொருந்தி வருவதைக் கண்ணால் காணலாம். அந்தக் கணம் ஒவ்வொரு முறையும் என்னை நெகிழ வைக்கிறது.

எல்லையை மட்டும் நம்பிவிடவும் கூடாது. 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்து சென்ற சுதந்திரத் திருச்சபைக் குடும்பங்களின் ஞானஸ்நானம் அந்தப் பங்கின் ஏட்டில் இல்லாமலே போகலாம்.

அச்செடுப்போருக்கு ஒரு சொல்: இங்குள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் தாளுக்கேற்பச் சுருக்கிவிட்டதால், அளவுகோல் பயனற்றுப்போய் மறுபடி அச்சிட நேர்ந்தது. சுருக்காமல் அச்சிடுமாறு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.